மகனை அரசனாக ஏற்ற பிறகும் தாய் ஏன் காய்ச்சிய இரும்பைப் பிடிக்க வேண்டியிருந்தது?

செம்பருத்தி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. நார்வே வரலாறு தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

பனிமலையில் இரண்டு வீரர்கள் சறுக்குக் கட்டைகளில் விரைகிறார்கள், ஒருவர் மார்போடு ஒரு கைக்குழந்தையை அணைத்திருக்கிறார், அப்படி ஒரு ஓவியத்தைப் பார்த்தேன். 1869ல் க்னுட் பெர்க்ஸ்லியன் வரைந்ததாம். அந்தக் குழந்தை யார் என்று தேடப் போய், அது பின்னால் 46 ஆண்டு நார்வேயை ஆண்ட நான்காம் ஹோக்கோன் என்று தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவனுடைய தாயைப் பற்றிப் படித்தபோது மனசு அங்கேயே நின்றுவிட்டது.

தாயின் பெயர் இங்கா, வார்டெய்க் என்ற ஊர்க்காரர். மூன்றாம் ஹோக்கோன் மன்னரோடு வாழ்ந்தவர், ஆனால் மணமானவர் இல்லை. மன்னர் இறந்து சில மாதம் கழித்துத்தான் பிள்ளை பிறக்கிறது. 1217ல் பதின்மூன்று வயதில் அந்தப் பையனை அரசனாக ஏற்றுக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு, 1218ல், "இவன் மன்னருக்குப் பிறந்தவன்தான்" என்று நிரூபிக்க இங்கா பெர்கன் நகரில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தினாராம். படிக்கும்போது என் உள்ளங்கை கூசியது.

எனக்குப் புரியாதவை இவைதான். அரசனாக ஏற்றுக்கொண்ட பிறகு எதற்கு இந்தச் சோதனை? மணமாகாத உறவில் பிறந்தவன் அரியணை ஏற அங்கே தடையே இல்லையா? அப்புறம், அந்தச் சோதனையோடு சண்டை ஓய்ந்ததா?

இன்னொன்று, இங்காவை என்ன சொல்லி எழுதுவது என்றும் தெரியவில்லை. ஆசைநாயகி என்று எழுத மனம் வரவில்லை, வைப்பு என்றால் இன்னும் மோசமாக இருக்கிறது.

---

ஏடுதேடி:

நல்ல கேள்வி செம்பருத்தி. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொண்டால் முதல் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

அங்கே பழைய வழக்கப்படி அரசனுடைய மகன் என்றால் போதும். தாய் மணம் முடித்த ராணியா, அரண்மனையில் வேலை செய்த பெண்ணா என்பது பெரிய விஷயம் இல்லை. எல்லா மகன்களுக்கும் உரிமை உண்டு. மக்கள் கூடும் சபையை அவர்கள் 'திங்' என்பார்கள், அந்தச் சபை ஒருவனை அரசனாக ஏற்றால் அவன் அரசன். 1035ல் அரசரான மாக்னுஸையே பாருங்கள், தந்தை புனித ஓலாவ், தாய் ஆல்ஃப்ஹில்ட் அரண்மனையில் பணி செய்த பெண். இரவில் பிறந்த குழந்தை பிழைக்குமா என்றே தெரியாத நிலை, தூங்கும் மன்னரை எழுப்ப யாருக்கும் துணிவில்லை, அவருடைய அவைப் புலவர் சிக்வாட் தானே முன்வந்து மாக்னுஸ் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் செய்துவைத்தார். காலையில் மன்னர் கோபப்பட்டார், அப்புறம் பெயருக்குக் காரணம் கேட்டார், மகா கார்ல் பேரரசரை (லத்தீனில் கரோலஸ் மாக்னுஸ்) நினைத்து வைத்தேன் என்றதும் ஆறிவிட்டார். தந்தை உயிரோடு இருந்து "என் பிள்ளை" என்று ஏற்றுக்கொண்டதால் ஆல்ஃப்ஹில்டிடம் யாரும் சான்று கேட்கவில்லை.

தந்தை உயிரோடு இல்லையென்றால்தான் சிக்கல். மணம் தேவையில்லை, ரத்தம் மட்டும் போதும் என்கிற ஏற்பாட்டில், ரத்தத்துக்குச் சாட்சி யார்? தாய் மட்டும்தான். சட்டம் பெண்ணிடம் தாலி கேட்காமல் இருந்தது தாராளம் மாதிரித் தெரியும், ஆனால் அதற்குப் பதிலாக முழுப் பாரத்தையும் அவள் சொல்லின் மீது ஏற்றிவிட்டது. இங்காவின் கையில் இருந்த இரும்பு அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

மூன்றாம் ஹோக்கோன் 1204 ஜனவரி 1 அன்று இறந்தார். முந்தைய இலையுதிர் காலத்தில் போர்க் நகரில், இன்றைய சார்ப்ஸ்போர்க், இங்காவோடு இருந்தார். அவருடைய நெருங்கிய ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம். 1204 கோடையில் எய்ட்ஸ்பெர்க் பக்கம் ஃபோல்கன்போர்க் என்ற பண்ணையில் பிள்ளை பிறந்தது. அந்தப் பகுதியில் கை ஓங்கியிருந்தவர்கள் பாக்லர் என்ற எதிர்க்கட்சியினர், திருச்சபை ஆதரவு பெற்றவர்கள். மன்னருடைய கட்சி பிர்க்கெபெய்னர். துணிக்கு வழியில்லாமல் காலில் பிர்ச் மரப்பட்டையைச் சுற்றிக்கொண்டு அலைந்த கூட்டம் என்று எதிரிகள் வைத்த பெயர் அது. பாக்லர் கையில் பிள்ளை கிடைத்தால் அவ்வளவுதான். த்ரோண்ட் என்ற உள்ளூர்ப் பாதிரியார் ரகசியமாக ஞானஸ்நானம் செய்து, ஓராண்டுக்கு மேல் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தார், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தவிர வெளியே மூச்சு விடவில்லை.

1205 கிறிஸ்துமஸை ஒட்டி லில்லஹாமரில் ஒளித்துவைத்து, 1206 தொடக்கத்தில் மலையைக் கடந்து ஓஸ்டெர்டாலன் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார்கள். பனிப்புயல் அடித்ததால் தொர்ஸ்டெய்ன் ஷெவ்லா, ஷெர்வால்ட் ஸ்க்ருக்கா என்ற இரண்டு பேர் குழந்தையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்கள். நீங்கள் பார்த்த ஓவியம் அதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அந்தப் பயணத்தில் இங்காவும் இருந்தார். கதையில் இருக்கிறார், ஓவியத்தில் இல்லை.

பாதுகாப்பாகப் பிள்ளை போய்ச் சேர்ந்த இடம் இங்கெ போர்ட்சன் மன்னரிடம் ('இங்கே' என்று படித்துவிடாதீர்கள், பெயரே அப்படித்தான்). அவர் ஸ்வெர்ரே மன்னருடைய தங்கை மகன். 1204ல் வேறு ஆள் இல்லாமல் பிர்க்கெபெய்னர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்வெர்ரே இந்தப் பையனுக்குத் தாத்தா. அதாவது ஆண் வழிப் பேரனை, பெண் வழியில் வந்தவர் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறார். அதற்காகவே அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு.

1217ல் போர்ட்சன் இறந்தார். அவருடைய தம்பி ஸ்கூலே யார்ல் பதவிக்கு வந்தார், யார்ல் என்றால் மன்னருக்கு அடுத்த இடம். நீடரோஸ் ஊரில், இன்றைய டிரோண்ட்ஹைம், ஓரெதிங் சபை பையனை அரசனாக ஏற்றது. ஸ்கூலே கையில் நாட்டின் மூன்றில் ஒரு பங்கு, பேராயர் தரப்பு அவருக்குச் சாதகம், பையனுக்குப் பதின்மூன்று வயது. "சபை ஏற்றது சரி, ஆனால் பிறப்பில் சந்தேகம் இருக்கிறதே" என்ற பேச்சு ஓயவில்லை. 1218ல் பெர்கனில் அந்தப் பேச்சுக்கு முடிவு கட்டத்தான் இந்தச் சோதனை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை, அது அரசனைத் தேர்ந்தெடுக்க நடந்தது இல்லை, தேர்ந்தெடுத்த அரசனை யாரும் அசைக்காமல் இருக்க நடந்தது.

முறை என்னவென்றால், சோதனைக்கு முன் தேவாலயத்தில் நோன்பிருக்க வேண்டும். பிறகு வழிபாடு நடக்கும், இரும்பை மந்திரிப்பார்கள். ஏந்திய கையைத் துணியால் சுற்றி முத்திரை வைத்துவிடுவார்கள். சில நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, புண் சீழ் பிடிக்காமல் இருந்தால் சொன்னது உண்மை. இங்காவின் கை சுத்தமாக இருந்தது என்று தீர்ப்பானது.

சொல்லைப் பற்றி: அவர்கள் 'ஃப்ரில்லா' என்பார்கள். ஊருக்குத் தெரிந்த உறவு, மறைவாக நடந்தது இல்லை. பல சமயம் பெண்ணின் குடும்பமே மன்னரோடோ தலைவரோடோ உறவு வேண்டும் என்று விரும்பி ஏற்படுத்துவதும் உண்டு. நான் ஃப்ரில்லா என்றே எழுதுகிறேன். தமிழில் எந்தச் சொல்லைப் போட்டாலும் நம் ஊர் இளக்காரம் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது.

---

பனிக்காடு:

நான் ஒஸ்லோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன், பிள்ளைகள் இங்கே படித்தவர்கள். பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுப்பார்கள். என் மகள் சின்ன வயதில் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, நான்தான் ஷெர்வால்ட் என்று வீடு முழுக்க ஓடுவாள். ஏடுதேடி அண்ணை சொன்னதை வாசித்த பிறகுதான் எனக்கும் உறைக்கிறது, ஒரு நாளும் அவள் இங்காவாக விளையாடவில்லை, நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வார்டெய்க் இப்போது சார்ப்ஸ்போர்க் நகராட்சிக்குள் வருகிறது, ஒஸ்லோவிலிருந்து தெற்கே. நோர்வே வரலாற்றில் ஒரு அரசனை உண்டாக்கிய ஊர் என்று அங்கே போகும்போது நினைத்துப் பார்ப்பேன்.

அந்தப் பயணத்தின் நினைவாக 1932 முதல் ஒரு பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கிறது. ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர். ஓடும் ஒவ்வொருவரும் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள பையை முதுகில் சுமக்க வேண்டும், அது குழந்தைக்குப் பதிலாக. குழந்தை போனது லில்லஹாமரிலிருந்து ஓஸ்டெர்டாலன் பக்கம், பந்தயம் வருவது எதிர்த்திசையில். இது பலருக்குத் தெரியாது. ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன், மார்ச் மாதம், மேலே மலைத்திடலில் காற்று முகத்தைக் கிழித்தது. நல்ல உடுப்பு, மெழுகு பூசிய கட்டைகள், வழி முழுக்கச் சூடான பானம், இத்தனை இருந்தும் வந்து சேர்ந்தவர்கள் பேச முடியாமல் நின்றார்கள். 1206ல் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு எப்படிப் போயிருப்பார்கள்? பின்னால் அந்தத் தாய் எப்படி வந்திருப்பார்?

---

நெய்தல்நிலவன்:

ஏடுதேடி எழுதியதில் பெரும்பகுதி சரி. ஆனால் இந்தக் கதை முழுக்க எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லையே, அதைச் சொல்லாமல் இங்காவின் கை சுத்தமாக இருந்தது என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

இதெல்லாம் ஹோக்கோன் மன்னர் வரலாற்றைச் சொல்லும் சாகாவில், அதாவது அந்த நாட்டுப் பழைய உரைநடை வரலாற்று நூலில், வருவது. எழுதியவர் ஐஸ்லாந்துக்காரர் ஸ்டுர்லா தோர்தார்சன், 1264-65ல். எழுதச் சொன்னவர் ஹோக்கோனின் மகன் மாக்னுஸ் மன்னர். அரண்மனை ஆவணங்களும் வயதானவர்களின் நினைவுகளும் அவர் கைக்குக் கிடைத்திருக்கின்றன, ஆகவே தேதிகளையும் இடங்களையும் நம்பலாம். ஆனால் தந்தையின் பிறப்பில் சந்தேகம் இருந்தது என்று அரசர் குடும்பத்துக்கே எழுதிக் கொடுக்க முடியுமா? மாக்னுஸுக்கு ஹோக்கோன் தந்தை, இங்கா பாட்டி. பாட்டியின் கையைப் பற்றி வேறு எப்படி எழுத முடியும்?

ஸ்டுர்லாவின் நிலைமையையும் யோசியுங்கள். அவருடைய சித்தப்பா ஸ்நோர்ரி ஸ்டுர்லுசன் 1241ல் ரேக்ஹோல்ட்டில் கொல்லப்பட்டார். ஸ்நோர்ரி ஸ்கூலேயின் ஆள் என்பதும், ஹோக்கோன் மன்னரின் ஆணைதான் அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்தது என்பதும் ஊரறிந்த விஷயம். ஸ்டுர்லா நார்வேக்கு வந்தபோது அவரை அரசவையில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கப்பலில் ஒரு அரக்கியைப் பற்றிய கதையை ஆட்களுக்குச் சொல்ல, அது ராணியின் காதுக்கு எட்டி, அப்படித்தான் மெல்ல இடம் கிடைத்தது. அப்படிப்பட்ட ஒருவர் எழுதியதை வரிக்கு வரி எடை போட்டுத்தான் படிக்க வேண்டும்.

அதே சமயம் அவர் நேர்மையானவர் என்பதற்கும் அதே நூலில் சாட்சி இருக்கிறது. இரும்புச் சோதனைக்கு முன் நோன்புக் காலத்தில் பிரபாண்ட் நாட்டுக்காரன் சிகார் என்பவன் டாக்ஃபின் என்ற மன்னர் தரப்புப் பெரியவரிடம் வந்து, என்னிடம் ஒரு பச்சிலை இருக்கிறது, அதைத் தடவினால் கை புண்ணாகாது என்று சொல்கிறான். டாக்ஃபின் அவனைத் திட்டி விரட்டிவிடுகிறார். ஸ்கூலே தரப்பு வைத்த பொறி என்று கதை நினைக்கிறது, இவர்கள் ஒத்துக்கொண்டிருந்தால் பிறகு "மருந்து போட்டு ஏமாற்றினார்கள்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. இரும்புச் சோதனையில் தில்லுமுல்லு நடக்கும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரியும், பேசிக்கொண்டார்கள், அதனால்தான் இப்படி ஒரு மறுப்பை எழுதிவைக்க வேண்டி வந்தது.

சோதனையால் எதுவும் தீராது என்பதற்கு நூறாண்டு முன்பே உதாரணம் இருந்தது. அயர்லாந்திலிருந்து ஹரால்ட் கில்லே வந்தார், நான் வெறுங்கால் மாக்னுஸ் மன்னரின் மகன் என்றார். அப்போது ஆண்ட சிகுர்ட் மன்னர் அவரை ஒன்பது பழுத்த கலப்பைக் கொழுக்கள் மேல் நடக்க வைத்தார். கால் புண்ணாகவில்லை என்று தீர்ப்பு. ஆனால் நானும் என் மகனும் இருக்கும்வரை அரசு கேட்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் நடக்கவே விட்டார்கள். 1130ல் சிகுர்ட் இறந்ததும் சத்தியம் காற்றில் போயிற்று. 1135ல் சிகுர்டின் மகன் மாக்னுஸைப் பிடித்துக் கண்ணைக் குருடாக்கி, ஆண்மையை அறுத்து, ஒரு காலை வெட்டி மடத்தில் தள்ளினார் ஹரால்ட். மறு ஆண்டே அவரும் பெர்கனில், தோரா என்ற ஃப்ரில்லாவின் பக்கத்தில் தூங்கும்போது குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் சிகுர்ட் ஸ்லெம்பே, அவரும் நான் அதே வெறுங்கால் மாக்னுஸின் மகன் என்று உரிமை கொண்டாடியவர்தான்.

கண்ணிழந்த அந்த மாக்னுஸின் தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்க்ஹில்ட், டால் ஊர் ஓலாவின் மகள். மன்னர் ஓய்ஸ்டெயினோடு அவரைச் சேர்த்து ஊர் பேசியது. அவதூறு என்று நிரூபிக்க அவரும் இரும்பேந்தினார், எங்கே தெரியுமா, அதே போர்க் நகரில். தூயவள் என்று தீர்ப்பு வந்தது. செய்தி கேட்ட ஓய்ஸ்டெயினின் தம்பி சிகுர்ட் மன்னர் குதிரையேறி வந்து அவரைத் தன் ஃப்ரில்லாவாக எடுத்துக்கொண்டார். பேச்சைத் துடைக்கத் தீயைத் தொட்ட பெண்ணுக்குக் கிடைத்தது இதுதான்.

---

செம்பருத்தி:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மூன்று பேருக்கும் நன்றி. போர்க்ஹில்ட் கதையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன். பனிக்காடு, உங்கள் மகளின் தலையணை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மூன்றாவது கேள்விக்கு இன்னும் நேரடியாக விடை வரவில்லையே. 1218க்குப் பிறகு ஸ்கூலே ஒத்துக்கொண்டாரா? நெய்தல்நிலவன் சொல்வதுபோல் சோதனையால் எதுவும் தீராது என்றால் பிறகு எப்படித்தான் தீர்ந்தது? அப்புறம் ஒரு சந்தேகம், ஒரு ஃப்ரில்லாவின் மகன் என்பதாலேயே இத்தனை பட்ட ஹோக்கோன், தான் பெரியவனானதும் என்ன செய்தார்? அவருக்கும் அப்படி யாராவது இருந்தார்களா?

---

நெய்தல்நிலவன்:

ஸ்கூலே பற்றி நான் சொல்கிறேன், ஏடுதேடி மற்றதை எழுதட்டும்.

ஸ்கூலே பிறப்பை நிஜமாகவே சந்தேகித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தேகித்திருந்தால் 1225ல் தன் மகள் மார்கிரேத்தை ஹோக்கோனுக்கு மணம் முடித்துக் கொடுத்திருப்பாரா? அவர் கேட்டது வேறு. இறந்த மன்னருக்குத் தம்பி நான் இருக்கும்போது, முன்னொரு மன்னரின் பேரனுக்கு ஏன் பட்டம் என்பதுதான் அவர் வாதம். பிறப்பில் சந்தேகம் என்பது அந்த வாதத்துக்குப் போட்ட சட்டை. இங்கா இரும்பேந்தியதும் சட்டை கழன்றது, வாதம் அப்படியே நின்றது.

1223ல் பெர்கனில் பெரிய சபை கூடியது. பேராயர், ஆயர்கள், சட்டம் ஓதுபவர்கள், நாடெங்கிலும் இருந்து பிரபுக்கள். ஐந்து பேருடைய உரிமையை எடை போட்டார்கள். ஹோக்கோன், ஸ்கூலே, போர்ட்சன் மன்னருக்கு ஃப்ரில்லாவிடம் பிறந்த குத்தோர்ம், க்னுட், அப்புறம் சிகுர்ட் ரிப்புங். சட்டம் ஓதுபவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஹோக்கோனுக்கே உரிமை என்று சொன்னார்கள். ஏடுதேடி, இங்கே ஒரு திருத்தம்: நீங்கள் பாரம் முழுக்கத் தாய் மேல் என்று எழுதினீர்கள், ஆனால் என் கணிப்பில் ஹோக்கோனை நிலைநிறுத்தியது இந்த 1223 சபைதான்.

ஸ்கூலேக்கு 1237ல் ஹெர்த்தூக் பட்டம் கொடுத்தார்கள், நார்வேயில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர், யார்லைவிட உயர்ந்தது. அதுவும் போதவில்லை. 1239 நவம்பரில் ஓரெதிங் சபையில் தன்னையே அரசன் என்று அறிவித்தார். 1240 வசந்தத்தில் ஒஸ்லோவில் தோற்றார், மே மாதம் எல்கெசேட்டர் மடத்தில் அடைக்கலம் புகுந்தார், மடத்துக்குத் தீ வைத்தார்கள், வெளியே வந்தவரைக் கொன்றார்கள். மாமனாரை மருமகனின் ஆட்கள் கொன்றார்கள், நடுவில் மார்கிரேத் ராணி. 1130ல் தொடங்கிய உள்நாட்டுச் சண்டை அதோடு முடிந்ததாகக் கணக்கு.

---

ஏடுதேடி:

1223 முக்கியம் என்பதை ஏற்கிறேன் நெய்தல்நிலவன். ஆனால் 1218ல் இங்காவின் கை புண்ணாகியிருந்தால் 1223ல் அந்த ஐந்து பேர் வரிசையில் ஹோக்கோன் பெயரே இருந்திருக்காது. அதனால் பாரத்தைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

செம்பருத்தி, உங்கள் கடைசிக் கேள்விதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம்.

ஆம், இருந்தார். மணத்துக்கு முன் ஹோக்கோனோடு வாழ்ந்தவர் பெயர் காங்கா, இளைய காங்கா என்று அழைப்பார்கள். அவரைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள், சிகுர்ட் என்ற மகன், சிசிலியா என்ற மகள். சிகுர்ட் 1225க்கு முன்பே பிறந்தவன், ஹோக்கோனின் மூத்த மகன். தாத்தா காலத்துச் சட்டம் இருந்திருந்தால் அரியணைக்கு அவனுக்கும் உரிமை உண்டு. அவன் தந்தை எந்த உரிமையில் அரசரானாரோ அதே உரிமை, எழுத்துக்கு எழுத்து அதேதான்.

ஆனால் 1240ல் அரசர் பட்டம் மார்கிரேத் ராணிக்கு 1232ல் பிறந்த இளைய ஹோக்கோனுக்குப் போயிற்று. அவர் 1257ல் இறந்ததும் அடுத்த தம்பி மாக்னுஸுக்கு. 1240ல் சிகுர்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவனும் கலகம் செய்யவில்லை, இதற்கு முன் நூறாண்டாக அவன் நிலையில் இருந்த பலர் படை திரட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இது சாதாரணம் இல்லை.

ஹோக்கோனுக்கு முடிசூட்டிக்கொள்ள ஆசை, திருச்சபை முடிசூட்ட வேண்டும் என்றால் பிறப்பு தடை. 1246ல் போப் நான்காம் இன்னசென்ட் அந்தக் குறையை நீக்கி ஆணை தந்தார். இங்கா அப்போது உயிரோடு இல்லை, 1230களின் நடுவில் இறந்துவிட்டார். ஒரு வகையில் நல்லது என்று நினைக்கிறேன். கையில் இரும்பேந்தி நிரூபித்த உறவை, ரோமிலிருந்து வந்த கடிதம் 'மன்னிக்கப்பட்ட குறை' என்று எழுதியதை அவர் கேட்க வேண்டி வரவில்லை.

1260ல் ஹோக்கோன் காலத்திலேயே புதிய வாரிசுச் சட்டம் வந்தது. முறையான மணத்தில் பிறந்த மூத்த மகனுக்கே முதல் உரிமை. 1163ல் எர்லிங் என்ற பிரபு தன் மகன் மாக்னுஸுக்காகத் திருச்சபையோடு சேர்ந்து கொண்டுவந்த சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. அதை உடைத்து எறிந்தவர் ஸ்வெர்ரே. தன் தாய் குன்ஹில்ட், உன் தந்தை சிகுர்ட் மன்னர் (ஹரால்ட் கில்லேயின் மகன், வேறொரு சிகுர்ட்) என்று சொன்ன ஒரு சொல்லை நம்பி 1176ல் ஃபாரோ தீவிலிருந்து கிளம்பிவந்து, 1184ல் ஃபிம்ரெய்ட்டே கடற்போரில் அந்த மாக்னுஸ் மன்னரைக் கொன்று நாட்டைப் பிடித்தவர். தாத்தா உடைத்த கதவைப் பேரன் மறுபடி செய்து மாட்டினார். ஸ்வெர்ரே, நான்காம் ஹோக்கோன், தாத்தாவும் பேரனும் தாய் சொன்ன சொல்லின் மீது நின்ற குடும்பம்.

அது துரோகமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நூற்றுப் பத்து ஆண்டு ரத்தம் பார்த்த நாடு. பத்து மகன்களுக்குச் சம உரிமை என்றால் பத்துப் படைகள் என்று அவர் குழந்தையாக இருந்தபோதே அவர் உடம்புக்குத் தெரியும். ஆனால் காங்காவையும் சிகுர்டையும் பார்த்து அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி கூட ஸ்டுர்லா எழுதவில்லை.

---

பனிக்காடு:

சிசிலியாவுக்கு என்ன ஆனது என்று இங்கே யாரும் எழுதவில்லை, அதை நான் சொல்கிறேன். 1248ல் அவரை பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள மான் தீவின் அரசன் ஹரால்டுக்கு மணம் முடித்தார்கள். அரசனுக்கு மகளாகப் பிறந்தது அந்தக் கூட்டணிக்கு உதவியது, தாய் ஃப்ரில்லா என்பதை அங்கே யாரும் பார்க்கவில்லை. இருவரும் ஊர் திரும்பும்போது ஷெட்லாந்து பக்கம் கப்பல் மூழ்கி, அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

---

செம்பருத்தி:

சிசிலியாவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி பனிக்காடு. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது, அதோடு விட்டுவிடுகிறேன். இங்காவுக்குப் பிறகு வேறு எந்தப் பெண்ணாவது நார்வேயில் இப்படி அரசனுக்காக இரும்பேந்த வேண்டி வந்ததா?

---

நெய்தல்நிலவன்:

சட்டப்படி அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. உண்மையில் ரோமில் 1215லேயே திருச்சபைப் பொதுச்சங்கம், பாதிரியார்கள் இரும்பை மந்திரிக்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தது. மூன்று ஆண்டு கழித்து பெர்கனில் இங்கா நோன்பிருக்கிறார், அந்த முடிவு அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

1247 கோடையில் போப்பின் பிரதிநிதியாக சபீனா நகர் கர்தினால் வில்லியம் வந்தார். ஜூலை 29 அன்று ஹோக்கோனுக்கு முடிசூட்டினார். அதே பயணத்தில்தான் நார்வேயில் இரும்புச் சோதனையைத் தடை செய்தார். மனிதர்களின் வழக்குக்குக் கடவுளைச் சாட்சிக்கு இழுப்பது கிறிஸ்தவர்களுக்குத் தகாது என்பது அவர் சொன்ன காரணம். நடந்த ஊர் அதே பெர்கன், இங்கா கையில் இரும்பேந்தி 29 ஆண்டு கழித்து.